ஓடிக்கொண்டிருக்கும் லிஃப்ட்

அந்த மருத்துவமனையில் அவளை எல்லோரும் ஒயர்மேன் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பணி நியமன உத்தரவில் ஒயர்மேன் என்று போட்டிருந்தது. அதைப் பெண்பாலுக்கு மாற்றித் தரும்படி சேர்ந்த புதிதில் ஒரு மனு கொடுத்தாள். பரிசீலனையில் இருப்பதாகப் பதில் வந்தது. இன்னும் பரிசீலனையில்தான் இருக்கிறது. அதற்குள் அவளுக்குக் காதோரம் நரைத்துவிட்டது, பெயரும் பழகிவிட்டது.

லிஃப்ட் நின்றது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் நின்றது. நல்லவேளையாக உள்ளே ஆள் இல்லை. மருத்துவமனையின் உருப்படியான ஒரே சக்கர நாற்காலி மட்டும் இருந்தது. வார்டு ஆயா அதைத் தரைத்தளத்தில் லிஃப்ட்டுக்குள் ஏற்றிவிட்டு, நாலாவது மாடி பட்டனை அமுக்கிவிட்டு, டீ குடிக்கப் போயிருந்தாள். எலும்பு முறிவு வார்டு நாலாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் இருக்கும் தைரியத்தில் அதை அங்கே கொண்டுபோய் வைத்திருந்தார்கள்.

கோளாறு பெரிதில்லை. கதவு மூடியிருக்கிறது என்று லிஃப்ட்டுக்குச் சொல்லும் சின்ன ஸ்விட்ச் ஒன்று தேய்ந்திருந்தது. புதிதாக ஒன்று மாட்டினால் தீர்ந்தது வேலை. அவள் அதை வாங்க ஸ்டோருக்குப் போகும் வழியில், பராமரிப்புத் துறை ஊழியர்கள் எல்லோரும் உடனே கூட்ட அறைக்கு வரவேண்டும் என்று ஒலிபெருக்கி அழைத்தது.

கூட்ட அறையில் பராமரிப்பு மேலாளர் நின்றுகொண்டிருந்தார். அவர் நின்றுகொண்டு பேசினால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

"நாளைக்கு நம்ம டிபார்ட்மெண்டைத் தரமதிப்பீடு பண்ண வர்றாங்க," என்றார். "பராமரிப்பை நாம எப்படி நிர்வாகம் பண்றோம், ஆவணமெல்லாம் எப்படி வச்சிருக்கோம்னு பார்ப்பாங்க. முதல் தரம் வாங்கியே ஆகணும். அதனால மதிப்பீடு முடியற வரைக்கும் யாரும் எந்த வேலையும் பார்க்கக் கூடாது. ஸ்பானரைக் கீழ வைங்க. பேனாவை எடுங்க."

பிளம்பர் எழுந்தார். "சார், மூணாவது மாடி பாத்ரூம்ல பைப் உடைஞ்சு தண்ணி கொட்டுது."

"கொட்டட்டும். அதைச் சரிபண்ணிட்டதா முதல்ல எழுது."

மேலாளர் அப்படிச் சொன்னதில் நியாயம் இருந்தது. கடந்த மூன்று வருடங்களாக அந்தத் துறையில் ஒருவரும் ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை. கெட்டுப்போனதைச் சரிசெய்துகொண்டு சும்மா இருந்துவிட்டார்கள். மூன்று வருட எழுத்துவேலை இப்போது ஒரே நாளில் வந்து தலையில் விழுந்தது.

எல்லோரும் உட்கார்ந்து எழுதினார்கள். ஒரே நாளில் எழுதியது போலத் தெரியக் கூடாது என்பதற்காக ஆளுக்கு நாலு விதப் பேனா கொடுத்தார்கள். பக்கங்களின் ஓரத்தில் டீ தெளிக்கவும் கிரீஸ் விரலை ஒற்றி எடுக்கவும் பெயிண்டரைத் தனியாக நியமித்தார்கள். அவர் ரசனையோடு செய்தார். எந்தப் பக்கத்தில் எவ்வளவு கறை தாங்கும் என்று தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டுத்தான் தெளித்தார். பிளம்பருக்குக் கையெழுத்து முத்து முத்தாக வரும் என்பது அன்றுதான் எல்லோருக்கும் தெரிந்தது. தண்ணீர் மூன்றாவது மாடியிலிருந்து படி வழியாக இரண்டாவது மாடிக்கு இறங்கியபோது, அவர் முந்தைய வருடத்து நீர்க்கசிவுத் தடுப்பு நடவடிக்கைகளை எழுதிக்கொண்டிருந்தார்.

மேலாளர் ஒவ்வொரு மேசையாக வந்து பார்த்தார். ஒயர்மேன் அக்காவின் பக்கத்தைப் புரட்டிவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"என்னம்மா, மூணு வருஷமும் நல்லா இருந்துச்சு, நல்லா இருந்துச்சுன்னே எழுதியிருக்கே? நம்புவாங்களா? நடுநடுவுல கோளாறு போடு. போட்ட அன்னிக்கே சரியாயிடுச்சுன்னும் போட்டுடு."

அவள் யோசித்தாள். மனதில் லிஃப்ட்டின் ஸ்விட்ச்தான் ஓடிக்கொண்டிருந்தது. அதையே எழுதினாள். போன மாதத் தேதி போட்டு, கதவு ஸ்விட்ச் தேய்ந்திருந்தது, புதியது பொருத்தப்பட்டது, லிஃப்ட் நன்றாக ஓடுகிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். எப்படியும் சாயங்காலம் மாட்டத்தானே போகிறோம் என்று நினைத்தாள்.

"இது எழுத்து!" என்றார் மேலாளர்.

அன்று சாயங்காலம் அவளுடைய மாமனார் கீழே விழுந்தார்.

மாமனார் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓடும் பஸ்ஸில் எதையும் பிடிக்காமல் நின்று டிக்கெட் கிழித்த மனிதர், வீட்டில் ஜன்னல் திரை மாட்ட ஸ்டூல் மேல் ஏறி, தடுமாறி விழுந்துவிட்டார். திரையைத் தைத்துக் கொடுத்தது அவருடைய மூத்த மகன், அதாவது ஒயர்மேன் அக்காவின் கணவன். அவன் தையல்காரன். துணி அளவைவிட நீளம் என்றும் அதுதான் காலைத் தட்டிவிட்டது என்றும் அப்பா வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தார். மருத்துவமனை வாசலில் ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி, "லிஃப்ட்டு எங்கடா?" என்று கேட்டார். மகன் மனைவியைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள்.

நாலு மாடியும் தூக்கிக்கொண்டுதான் போனார்கள். இரண்டாவது மாடிக்கு மேல் படியெல்லாம் ஈரம்.

எலும்பு டாக்டர் இடுப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு அவளைத் தனியாக அழைத்தார். "ஆபரேஷன் பண்ணணும்மா. சீக்கிரம் பண்ணிட்டா பழையபடி நடப்பார். தள்ளிப்போச்சுன்னா எலும்பு அது இஷ்டத்துக்குச் சேர்ந்துக்கும். முதல்ல கீழ கொண்டுபோய் எக்ஸ்ரே எடுத்துட்டு வாங்க. லிஃப்ட்டை எப்பச் சரிபண்ணுவீங்க?"

"இதோ டாக்டர்," என்று அவள் ஸ்டோருக்கு ஓடினாள்.

ஸ்டோர்கீப்பர் அவள் கேட்டதைப் பொறுமையாகக் கேட்டார். புதிதாகத் தயாரான இருப்புப் புத்தகத்தைத் திறந்து, விரலை மேலிருந்து கீழே ஓட்டினார்.

"கதவு ஸ்விட்ச் போன மாசமே வாங்கிட்டுப் போயிட்டியேம்மா. இதோ, உன் பேருதான் இருக்கு. லிஃப்ட்ல மாட்டியும் ஆச்சு. உன் பதிவைப் பார்த்துத்தான் நான் எழுதினேன்."

"அண்ணே, அது சும்மா எழுதினது. உங்களுக்குத் தெரியாதா? அதோ அலமாரியில இருக்கு பாருங்க, கண்ணுக்கு முன்னாடி."

ஸ்டோர்கீப்பர் திரும்பி அலமாரியைப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார்.

"இருக்கு," என்றார். "ஆனா கணக்குல இல்ல. கணக்குல இல்லாத பொருளை நான் எப்படிம்மா எடுத்துக் குடுப்பேன்? அது இங்க இருக்கிறதே தப்பு. நாளைக்கு ஆளுங்க வர்றதுக்குள்ள அதை என்ன பண்றதுன்னு எனக்கே தெரியல."

"என்கிட்ட குடுத்துடுங்கண்ணே, தீர்ந்துபோகும்."

"எந்தக் கணக்குல குடுக்க?"

அவள் மேலாளரிடம் போனாள். மாமனார் விழுந்ததைச் சொன்னாள், டாக்டர் சொன்னதைச் சொன்னாள். மேலாளர் கல்நெஞ்சக்காரர் இல்லை. அவளை உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். தன் அப்பாவும் இப்படித்தான் விழுந்தார் என்று சொல்லிக் கண் கலங்கினார். அப்புறம் கேட்டார்.

"நீயே யோசிச்சுப் பாரு. ஓடிக்கிட்டு இருக்கிற லிஃப்ட்டை எப்படிம்மா ரிப்பேர் பண்ணுவே?"

"ஓடலையே சார்."

"நீதானே ஓடுதுன்னு எழுதினே? உன் எழுத்தையே நீ மதிக்கலேன்னா வேற யாரு மதிப்பா? இப்ப ரிப்பேர் பண்ணினா அதையும் எழுதணும். போன மாசம் மாட்டின ஸ்விட்ச் இந்த மாசம் எப்படிப் போச்சுன்னு கேப்பாங்க. மட்டமான சாமான் வாங்கினோம்னு ஆகும். எழுதாம பண்ணினா, ஆவணமில்லாத வேலை. அது அதைவிட மோசம். கொஞ்சம் பொறுத்துக்கோம்மா. மதிப்பீடு முடியட்டும்."

மறுநாள் மதிப்பீட்டாளர்கள் மூன்று பேர் வந்தார்கள். தலைமை மதிப்பீட்டாளர் மெல்லிய குரலில் பேசினார். அந்தக் குரலைக் கேட்க எல்லோரும் குனிய வேண்டியிருந்ததால், பார்ப்பதற்கு எல்லோரும் வணங்கிக்கொண்டிருப்பது போல இருந்தது. கூட்ட அறையில் அவர் தொடக்க உரை ஆற்றினார்.

"நாங்க எந்த மெஷினையும் போய்ப் பார்க்க மாட்டோம். நிறையப் பேர் இதைத் தப்பாப் புரிஞ்சுக்கறாங்க. மெஷினை நம்ப முடியாது. இன்னைக்கு ஓடும், நாளைக்கு நிக்கும். அதைப் பார்த்து மார்க் போட்டா அந்த மார்க் எத்தனை நாளைக்கு நிக்கும்? பேப்பர் அப்படியில்ல. ஒரு தடவை ஓடுதுன்னு எழுதிட்டா, அது எப்பவும் ஓடிக்கிட்டே இருக்கும். நான் இந்தத் துறைக்கு வந்து இத்தனை வருஷத்துல ஒரு ஸ்பானரைக்கூடத் தொட்டதில்ல. அதனாலதான் என்னால பாரபட்சமில்லாம மதிப்பிட முடியுது."

கைதட்டினார்கள். ஒயர்மேன் அக்காவும் தட்டினாள். மாமனாரின் எக்ஸ்ரேக்கு நேரம் ஆகிக்கொண்டிருந்தது.

அவள் நைசாக நழுவி மாடிக்குப் போனபோது, கணவனும் கொழுந்தனும் மாமனாரை ஒரு மர நாற்காலியில் உட்காரவைத்துத் துணியால் கட்டியிருந்தார்கள். கட்டுவதற்கு அந்தத் திரைத்துணியையே கொண்டுவந்திருந்தான் கணவன். அது நீளமாக இருந்ததில் இப்போது யாருக்கும் புகார் இல்லை. பிளம்பர் நாற்காலியின் ஒரு காலைப் பிடித்தார். ஈரப் படியில் அடி அடியாக இறங்கினார்கள்.

"பார்த்துடா, பார்த்து... ஸ்டாப்பிங் வந்தா சொல்லுங்கடா," என்று மாமனார் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். வலி அதிகமானால் அவருக்குக் கண்டக்டர் குரல் வந்துவிடும்.

மூன்றாவது மாடித் திருப்பத்தில் எதிரே மதிப்பீட்டுக் குழு மூச்சிரைக்க ஏறி வந்தது. நாலாவது மாடியில் ஆவண அறை இருந்தது. மேலாளர் முன்னால் வந்துகொண்டிருந்தார். நாற்காலியைப் பார்த்ததும் அவர் முகம் வெளிறியது.

"வழி விடுங்க, வழி விடுங்க! ஏறறவங்க ஓரமா நில்லுங்க, இறங்கறவங்க முதல்ல!" என்றார் மாமனார்.

மூன்று மதிப்பீட்டாளர்களும் சுவரோடு ஒட்டி நின்றார்கள். தலைமை மதிப்பீட்டாளர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தபடி மேலாளரைக் கேட்டார்: "லிஃப்ட் இருக்கும்போது இவரை ஏன் படியில கொண்டுபோறாங்க?"

"நோயாளியோட விருப்பம் சார்," என்றார் மேலாளர்.

"நாமும் படியிலதானே வந்தோம்?"

"அது உங்க ஆரோக்கியத்துக்காக சார்."

தலைமை மதிப்பீட்டாளர் தலையசைத்தார். அவருக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. கூட வந்தவரிடம் மெல்லிய குரலில், நோயாளியின் விருப்பத்துக்கு மதிப்பளிக்கும் நடைமுறை என்று குறித்துக்கொள்ளச் சொன்னார். அந்த நடைமுறைக்குத் தனி மதிப்பெண் உண்டாம். ஆனால் நோயாளியின் கையெழுத்து வேண்டும். நாற்காலியைக் கீழே இறக்காமலே மாமனாரிடம் திருப்திப் படிவத்தை நீட்டினார்கள்.

"என்னம்மா இது?" என்று மாமனார் மருமகளைக் கேட்டார்.

அவள் மேலாளரைப் பார்த்தாள். அவர் கையைக் குவிக்காத குறையாக நின்றார். பிளம்பர் கைமாற்றிப் பிடித்துக்கொண்டார்.

"போட்டுடுங்க மாமா. போட்டாத்தான் நகருவாங்க."

அவர் போட்டார். கையெழுத்து கோணலாக விழுந்தது. மதிப்பீட்டாளர் அதை வாங்கிப் பார்த்து, "உணர்ச்சிவசப்பட்டிருக்கிறார்," என்றார்.

எக்ஸ்ரே எடுத்து, மறுபடியும் மேலே தூக்கிக்கொண்டு போயாயிற்று. மத்தியானம் அவளை நேர்காணலுக்கு அழைத்தார்கள்.

"உங்கள் பராமரிப்புக் கொள்கை என்ன?" என்று கேட்டார் தலைமை மதிப்பீட்டாளர்.

"கெட்டுப்போனா சரிபண்ணுவேன் சார்."

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். குழந்தை ஏதோ கெட்ட வார்த்தை சொல்லிவிட்டால் விருந்தாளிகள் பார்த்துக்கொள்வார்களே, அப்படி. மேலாளர் குறுக்கிட்டார். "அவங்க வேலைக்காரங்க சார், சொல்லத் தெரியாது. லிஃப்ட் பதிவைப் பாருங்க, அவங்க எழுதினதுதான்."

லிஃப்ட் பதிவைப் பார்த்தார்கள். டீக்கறையையும் விரல் தடத்தையும் பார்த்து முகம் மலர்ந்தார்கள். "இதுதான் உயிருள்ள ஆவணம்," என்றார் தலைமை மதிப்பீட்டாளர். "இந்த லிஃப்ட்டைப் பராமரிக்கறது நீங்கதானா? பாராட்டுகள்."

அவளுக்கு அந்த நேரத்தில் என்ன ஆயிற்றோ தெரியவில்லை. காலையிலிருந்து நாலு மாடி ஏறி இறங்கிய கால் வலியாக இருக்கலாம்.

"சார், அந்த லிஃப்ட் ஓடலை," என்றாள்.

மேலாளர் மின்விசிறியைப் பார்த்தார்.

"அதுக்கு ஆவணம் இருக்கா?" என்று அன்பாகக் கேட்டார் தலைமை மதிப்பீட்டாளர்.

"ஆவணம் எதுக்கு சார்? வெளிய வந்து பாருங்க. ரெண்டு மாடிக்கு நடுவுல நிக்குது."

"நான் பார்த்தா அது என்னோட சொந்தக் கருத்தாயிடும்மா. நான் சொந்தக் கருத்து சொல்ல வரலை. ஓடுதுங்கறதுக்கு மூணு வருஷப் பதிவு இருக்கு. ஓடலைங்கறதுக்கு உங்க வாய்வார்த்தை மட்டும்தான் இருக்கு. ஒரு புகார் படிவம் எழுதிக் குடுங்க, கண்டிப்பா எடுத்துக்கறேன்."

அவள் ஆவலோடு படிவத்தை வாங்கினாள். பெயர், பதவி, தேதி எல்லாம் எழுதினாள். அடுத்த கட்டத்தில் லிஃப்ட்டின் அடையாள எண் கேட்டிருந்தது. அந்த எண் லிஃப்ட்டுக்கு உள்ளே, பட்டன்களுக்கு மேலே, ஒரு தகட்டில் பொறித்திருந்தது. உள்ளே போகக் கதவு திறக்க வேண்டும். கதவு திறக்க லிஃப்ட் ஏதாவது ஒரு மாடிக்கு வர வேண்டும்.

"எண் இல்லாம குடுக்கலாமா சார்?"

"எந்த லிஃப்ட்டுன்னு எப்படிம்மா தெரியும்?"

"இங்க இருக்கிறதே ஒண்ணுதான் சார்."

"அதுக்கு ஆவணம் இருக்கா?"

அவள் படிவத்தை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

விஷயம் அத்தோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. சாயங்காலம் குழு ஆவணங்களைச் சரிபார்த்தபோது, பின்கட்டில் இருக்கும் ஜெனரேட்டருக்கு ஒரு தாள்கூட இல்லை என்று கண்டுபிடித்தது. யார் வாங்கியது, எப்போது வந்தது, ஒன்றும் தெரியவில்லை. அது பாட்டுக்குக் கரண்ட் போகும்போதெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. எழுதும் அவசரத்தில் அதை எல்லோரும் மறந்துவிட்டார்கள். தொந்தரவு கொடுக்காதவர்களை யாருக்குத்தான் ஞாபகம் இருக்கும்?

"வரலாறு இல்லாத ஒரு மெஷின் ஆஸ்பத்திரிக்குள்ள ஓடுதா?" என்று தலைமை மதிப்பீட்டாளர் முதல் முறையாகக் குரலை உயர்த்தினார். "நோயாளிகளோட உயிர் என்ன ஆகறது?"

ஜெனரேட்டரைச் சுற்றிச் சிவப்பு நாடா கட்டி முத்திரை வைத்தார்கள். ஆவணம் வரும்வரை இயக்கக் கூடாது.

மறுநாள் மாமனாருக்கு ஆபரேஷன். டாக்டர் நாடாவைப் பார்த்துவிட்டுக் கையுறையைக் கழற்றினார். "நடுவுல கரண்ட் போனா நான் என்ன பண்றது? ஜெனரேட்டர் இல்லாம கத்தியைத் தொட மாட்டேன்," என்றார். அவர் சொன்னதும் சரிதான். இந்தக் கதையில் யார் சொன்னதும் சரியாகத்தான் இருந்தது.

"அப்ப வேற ஆஸ்பத்திரிக்கு எழுதிக் குடுங்க டாக்டர்," என்று கணவன் கெஞ்சினான்.

டாக்டர் பேனாவை எடுத்தார், யோசித்தார், வைத்தார். மாற்றி அனுப்பக் காரணம் எழுத வேண்டும். ஜெனரேட்டர் இல்லை என்று எழுத முடியாது, ஏனென்றால் அப்படி ஒன்று இருந்ததாகவே ஆவணத்தில் இல்லை.

அன்றிரவு கொழுந்தன்தான் கேட்டான். "அண்ணி, நீங்க அங்கதானே வேலை பார்க்கறீங்க? உங்களால ஒண்ணுமே பண்ண முடியாதா?"

அவள் அவனுக்குச் சோறு போட்டாள்.

ஜெனரேட்டருக்கு ஆவணம் கேட்டு, அதைத் தயாரித்த கம்பெனிக்கு எழுதினார்கள். கம்பெனி மூடி வெகுகாலம் ஆகியிருந்தது. கடைசியில் அதற்குத் தற்காலிக அடையாளம் வழங்க மேலிடத்தில் ஒரு குழு கூடியது. அடையாளம் வந்து, நாடா அறுந்து, ஆபரேஷன் நடந்தபோது, டாக்டர் பயந்தது போலவே எலும்பு தன் இஷ்டத்துக்குச் சேரத் தொடங்கியிருந்தது. உடைத்து மறுபடி வைத்தார்கள். ஒரு கால் மற்றதைவிடக் குட்டையாகிப் போனது.

"பரவாயில்லம்மா," என்றார் மாமனார். "இனிமே பஸ் சாய்ஞ்சா நான் நேரா நிப்பேன்."

அவள் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

மருத்துவமனையின் பராமரிப்புத் துறைக்கு முதல் தரம் கிடைத்தது. விழா நடத்தினார்கள். அறிக்கையில் ஒரே ஒரு குறை சொல்லியிருந்தது: ஊழியர் ஒருவர் ஆவணங்களுக்கு முரணாகப் பேசுகிறார், அவருக்குப் பயிற்சி தேவை. அவளைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். ஒரு வாரம் குளிரூட்டிய அறையில் உட்காரவைத்து, கேட்ட கேள்விக்குப் பதிவில் உள்ளபடி பதில் சொல்லக் கற்றுக்கொடுத்தார்கள். முடிவில் அவளுக்கும் ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள்.

திரும்பி வந்ததும் நேராக மேலாளரிடம் போனாள்.

"சார், மதிப்பீடு முடிஞ்சுடுச்சு. இப்ப லிஃப்ட்டைச் சரிபண்ணிடலாமா?"

மேலாளர் மேசையிலிருந்த விதிமுறைப் புத்தகத்தைத் தடவினார். முன்னைவிட இளைத்துப்போயிருந்தார்.

"மதிப்பீடு பண்ணினப்ப எது எப்படி இருந்துச்சோ, அப்படியே வச்சிருக்கணும்மா. எதையாவது மாத்தினா தரம் ரத்தாயிடும், மறுபடி முதல்லேர்ந்து வருவாங்க." புத்தகத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு, "எனக்கும் முட்டி வலிம்மா. நானும் தினம் நாலு மாடி ஏறறேன்," என்றார்.

மாமனாரை வீட்டுக்கு அனுப்பும் நாள் வந்தது. கணவனும் கொழுந்தனும் பிளம்பரும் அவரைப் படியில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். அவள் முன்னால் இறங்கி, கீழே லிஃப்ட் கதவருகே காத்து நின்றாள். கதவுக்கு மேலே முதல் தரச் சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார்கள்.

வாசலிலிருந்து ஒரு பெண் தன் அம்மாவைத் தாங்கிக்கொண்டு வந்தாள். அம்மாவின் கால் முட்டிக்குக் கீழே பலகை வைத்துக் கட்டியிருந்தது. அந்தப் பெண் சான்றிதழைப் படித்தாள், பட்டனை அமுக்கினாள், காத்திருந்தாள். மறுபடி அமுக்கினாள். பிறகு ஒயர்மேன் அக்காவின் காக்கிச் சட்டையைப் பார்த்துக் கேட்டாள்.

"அக்கா, இந்த லிஃப்ட் ஓடுதா?"

"ஓடுதும்மா," என்றாள் ஒயர்மேன் அக்கா. "படி அந்தப் பக்கம் இருக்கு. வா, அம்மாவை நான் ஒரு பக்கம் பிடிச்சுக்கறேன்."